கோப்பாய் வானில் தோன்றாத ஒளி



நம்மிடம் பயிலும் மாணவன் ஒருவன் சென்ற வாரம் ஓர் ஒளிப்படத்தைக் கொண்டுவந்து காட்டினான். நோர்வே நாட்டின் வடபாகத்திலுள்ள துரொம்சோ நகரில் வாழும் அவனுடைய சித்தப்பா எடுத்து அனுப்பிய படம் அது. பனி மூடிய மலைகளின் மேலே, கரிய இராவானத்தில், பச்சைப் பட்டுத் திரையொன்றை யாரோ உதறி விரித்தாற்போல ஓர் ஒளி தொங்கியது. “ஐயா, இது மெய்யாகவே தோன்றுவதா? மெய்யாயின் நம்மூர் வானத்தில் ஏன் தோன்றுவதில்லை?” என்று கேட்டான்.

முதல் வினாவுக்கு விடை ஒரு சொல்லில் அடங்கும்: மெய்யே. துருவ ஒளி என்பது அதன் பெயர். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற நம்மவர் பலர் நோர்வேயின் வடகோடி மீன்பிடி ஊர்களில் மீன் பதனிடும் ஆலைகளிலே தொழில் புரிந்தனர். நொவெம்பர் இறுதி தொட்டுச் சனவரி நடுப்பகுதி வரை கதிரவன் தலைகாட்டாத அவ்வூர்களில், வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர்கள் அண்ணாந்து பார்த்த ஒளி இது.

இரண்டாவது வினா அத்துணை எளியதன்று. “அங்கே குளிர், இங்கே வெயில், அதனாற்றான்” என்று பக்கத்திலிருந்த மற்றொரு மாணவன் விடை பகர்ந்தான். பெரியோருள்ளும் பலர் அவ்வாறே எண்ணுகின்றனர். குளிருக்கும் இவ்வொளிக்கும் யாதொரு தொடர்புமில்லை. பனிக்கட்டியிற் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமும் அன்று இது.

இதன் மூலம் நம் தலைக்கு மேலே நாள்தோறும் காய்கின்ற கதிரவனே. அவன் ஒளியையும் வெப்பத்தையும் மாத்திரம் தருவதில்லை. இலத்திரன், புரோத்தன் என்னும் மின்னேற்றமுடைய நுண்டுகள்களையும் இடையறாது வீசிக்கொண்டிருக்கிறான். செக்கனுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் வேகத்தில் வரும் இவ்வீச்சைச் சூரியக் காற்று என்பர். நமது பூமியோ ஒரு பெருங் காந்தம். அதன் காந்தப்புலம் சூரியக் காற்றைத் தடுத்து விலக்குகிறது. தானும் அக்காற்றினால் இழுபட்டு, பூமியின் இராப்பக்கத்திலே நீண்ட வால்போல் நீளுகிறது. அவ்வால் அளவுக்கு மீறி இழுபட்டு அறுந்து மீளும்போது, அதிலுள்ள இலத்திரன்கள் பூமியை நோக்கி உந்தப்படுகின்றன.

அவை எங்கே வந்து விழும்? இதனை விளங்கிக்கொள்ள நம்மூர்த் தோட்டமே போதும். வெங்காயப் பாத்திகளுக்குக் கிணற்றிலிருந்து நீர் இறைக்கிறோம். நீர் வரம்பைத் தாண்டிக் குறுக்கே பாய்வதில்லை. வாய்க்கால் வழியே ஓடி, அது முடியுமிடத்திலுள்ள பாத்தியிற் சென்று விழுகிறது. மின்னேற்றமுடைய துகளும் காந்தப்புலக் கோட்டைச் சுற்றிச் சுற்றி அதன் வழியே ஓடுமேயன்றிக் குறுக்கே எளிதிற் கடவாது. அந்தக் கோடுகள் வடமுனைக்கும் தென்முனைக்கும் அருகிலே செங்குத்தாகத் தரையில் இறங்குகின்றன. நமக்கு மேலேயோ அவை கிடையாகச் செல்கின்றன. காந்த மத்தியகோடு இலங்கைக்கும் குமரி முனைக்கும் அண்மையிற் செல்வதே அதற்குக் காரணம். ஆகவே வாய்க்கால் நம் தலைக்கு மேலாற் போகிறது. நீர் விழும் பாத்தி துரொம்சோவில் இருக்கிறது.

ஐயமுள்ளவர் ஓர் ஊசியை நடுவிலே நூலாற் கட்டிச் சமநிலையில் தொங்கவிட்டு, பின்னர் அதனைக் காந்தமாக்கிப் பார்க்கலாம். கோப்பாயில் அவ்வூசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். அதனையே துரொம்சோவுக்குக் கொண்டுசென்றால், நிலத்தைக் குத்தப் போவதுபோல் தலைகீழாகச் சாயும்.

துகள்கள் வந்து விழுந்தாற்போல ஒளி உண்டாகிவிடுமா? கடைத்தெருவிலே நியோன் விளக்கின் கண்ணாடிக் குழாயுள் மின்சாரம் பாய, அதிலடைத்த வாயு ஒளிர்வதைக் கண்டிருப்பீர்கள். வானத்திலே குழாய் இல்லை, அவ்வளவே வேறுபாடு. தரையிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேலே, மிக மெல்லிய வளியிலுள்ள ஒட்சிசன் அணுவை இலத்திரன் தாக்குகிறது. தாக்குண்ட அணு தான் பெற்ற சக்தியை ஒளியாக வெளியிட்டு அமைதியடைகிறது. பச்சை ஒளியை வெளியிட அதற்கு முக்காற் செக்கன் அளவு போதும். சிவப்பு ஒளியை வெளியிடவோ ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும்! வளி சற்று நெருக்கமாயுள்ள இடத்தில், அதற்குள் வேறோர் அணு வந்து மோதி அச்சக்தியைப் பறித்துவிடும். அதனாலே சிவப்பு, 200 கிலோமீற்றருக்கும் மேலே, மோதுவாரின்றித் தனித்திருக்கும் அணுக்களிடத்து மாத்திரமே பிறக்கிறது. கீழ்விளிம்பின் ஊதா நைதரசனுக்கு உரியது.

இவ்வுண்மைக்கு வழி திறந்தவர் நோர்வே நாட்டறிஞர் கிறிஸ்தியன் பேர்க்லண்ட். வெற்றிடப் பெட்டியொன்றுள் காந்தமாக்கிய சிறு கோளத்தை வைத்து இலத்திரன்களைப் பாய்ச்சினார். கோளத்தின் இரு முனைகளையும் சூழ ஒளி வளையம் எழுந்தது. 1917-ல் அவர் மறைந்தபோதும் அறிஞர் பலர் அவர் கூற்றை ஏற்றிலர். பிற்காலத்திலே செய்மதிகள் மேலே சென்று அளந்த பின்னரே ஏற்றனர்.

கதிரவன் சில வேளைகளில் வழமைக்கு மாறாகப் பெருந்தொகைத் துகள்களை ஒருங்கே உமிழ்வதுண்டு. 2024 மே 10-ம் நாள் இரவு அத்தகைய புயலொன்று பூமியைத் தாக்கியது. அன்றிரவு இமயத்தின் லடாக் பகுதியில், ஏறத்தாழ 4,500 மீற்றர் உயரத்திலுள்ள ஹன்லே வானாய்வு நிலையத்தின் படக்கருவிகள் அடிவானத்திலே செவ்வொளியைப் பதிவு செய்தன. பச்சை ஏன் காணப்படவில்லை? பருத்தித்துறைக் கரையில் நின்று தொலைவில் வரும் கப்பலைப் பார்ப்பவர் அதன் பாய்மரத்து உச்சியையே முதலிற் காண்பர். ஹன்லேயிற் கண்டதும் துருவ ஒளியின் உச்சியையே. பச்சை பூமியின் வளைவிலே மறைந்துபோயிற்று.

அவ்வாறாயின் நம் வானம் வெறிதே கிடக்கிறதோ? இல்லை. பகற்பொழுதிலே, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில், காந்த மத்தியகோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஒரு பெரும் மின்னோட்டம் ஓடுகிறது. கண்ணுக்குத் தோன்றாது, காந்தமானி காட்டும். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் கடற்கரையூரிலிருந்து 1963 நவம்பர் 21-ல் இந்திய மண்ணின் முதல் ஆய்வு ரொக்கெற்று ஏவப்பட்டது. அச்சிற்றூரைத் தெரிந்தெடுத்தமைக்குக் காந்த மத்தியகோட்டின் அண்மையே காரணம். துரொம்சோவார்க்குக் கிட்டாத ஆய்வுக் களம் நமக்கு வாய்த்திருக்கிறது என்பதைப் பாடநூல்கள் இன்னும் சற்று உரத்துச் சொல்லலாம்.

வரலாறு கண்ட மாபெரும் காந்தப் புயல்களுள் ஒன்று 1859 செப்டெம்பரிலே நிகழ்ந்தது. கதிரவனிலிருந்து புறப்பட்ட துகள்கள் 15 கோடிக் கிலோமீற்றரை ஏறக்குறைய பதினேழரை மணி நேரத்திற் கடந்துவந்தன. அமெரிக்காவிலே தந்தி ஊழியர் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, துருவ ஒளி கம்பியிலெழுப்பிய மின்சாரத்தைக் கொண்டே செய்தி அனுப்பினர். அவ்வேளை பம்பாயின் கொலாபா ஆய்வுநிலையத்திலும் காந்தவூசி சில மணி நேரத்துள் ஏறத்தாழ 1,600 நனோதெசுலா வீழ்ச்சியைக் காட்டிற்று. பெரும் புயல்களிலும் வீழ்ச்சி பெரும்பாலும் சில நூறு அளவோடு நின்றுவிடும். பின்னர் 1872 பெப்ரவரி 4-ம் நாள் இரவில் அப்பம்பாயிலேயே துருவ ஒளி தென்பட்டதாகச் செய்தி உண்டு. பம்பாய் நமக்கு வடக்கே ஒன்பது பாகை அளவுதான்.

1859-ல் கொலாபாவிலே கருவியின் முன்னமர்ந்திருந்தவர்கள், மணிக்கொரு முறையும் குழப்பம் மிகுந்தபோது அதனினும் அடிக்கடியும் கண்ணாற் பார்த்துக் கையால் எழுதிவைத்தனர். பிற்காலத்திலே நகரில் மின்சார டிராம் வண்டி ஓடவிருந்தமையால், அதன் மின்னோட்டம் காந்தவூசியைக் கலைக்குமென்று அவ்வேலையை 1904-ல் அலிபாக் என்னும் ஊருக்குத் தொடங்கி மாற்றினர். அவர்கள் எழுதிய ஏடுகளை, அடுத்த பெரும் புயலின் வலிமை யாதாகலாம் என்று கணிப்போர் இன்றும் புரட்டிக்கொண்டிருக்கின்றனர்.