கருவாடு தின்னாத மைனிக்கும் ஏன் பிரஷர்?

கருங்கல் பேருந்து நிலையத்தில் நிற்கிற யாரிடமும் பிரஷர் ஏன் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். "உப்பும் டென்ஷனும்தான். மாத்திரைய விடாம தின்னா மதி" என்பார்கள். என் மைனியும் அப்படித்தான் நம்பினார். கருவாட்டை விட்டார். ஊறுகாய்ப் பரணியை எட்டாத உயரத்தில் ஏற்றி வைத்தார். மரச்சீனிக் கிழங்கைக்கூட உப்பில்லாமல் அவித்துத் தின்றார். மூன்று வகை மாத்திரை போட்டும் 160-க்குக் கீழே இறங்கவில்லை. "ஒளிச்சு வச்சுத் திங்கியளா மைனி?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். அவர் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உப்பைக் குறைக்கச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. நாளுக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது சரிதான். ஆனால் தின்ற உப்பை உடம்பு வெளியே விடுகிறதா? சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உப்பைப் பிடித்து வை, பொட்டாசியத்தை வெளியே தள்ளு என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது அதுதான். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் ரெனினைச் சுரக்கும். அதன் தூண்டுதலில் ஆல்டோஸ்டிரோன் கூடும். உப்பும் நீரும் போதுமான அளவுக்கு வந்ததும் இரண்டும் அடங்க வேண்டும். சிலருக்கு ரெனின் அடங்கிய பிறகும் ஆல்டோஸ்டிரோன் தன்போக்கில் சுரந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் கொஞ்சமாகத் தின்ற உப்பும் உள்ளேயே தங்கிவிடும். அதற்கு அவர்கள் நாக்கைக் குறை சொல்லி என்ன பயன்?

"அது ஆயிரத்தில் ஒருவருக்கு வருவது" என்பார்கள். 1955-இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜெரோம் கான் இந்நோயை விவரித்தார். அதன்பின் வெகுகாலம் பிரஷர்காரர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இது இருக்கும் என்று கருதினார்கள். தேடாததால்தான் அப்படித் தெரிந்தது. தேடிப் பார்த்தபோது 5 முதல் 10 சதவீதம் பேருக்கு இருந்தது. மூன்று மருந்துக்கும் மசியாதவர்களில் ஐந்தில் ஒருவர் வரைக்கும் இருந்தது. பிரஷர் உள்ள எல்லோருக்குமே இதைப் பரிசோதிக்கலாம் என்று 2025-இல் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி பரிந்துரைத்தது.

"பொட்டாசியம் நார்மலா இருக்கு, அப்போ அது இல்லை" என்பது இன்னொன்று. மைனியின் விஷயத்தில் வருஷங்களை விழுங்கியது இந்த ஒரு வரிதான். பொட்டாசியம் இறங்கினால் சந்தேகப்பட வேண்டும், உண்மை. ஆனால் இந்நோய் உள்ள பெரும்பாலோருக்கு அது சரியான அளவிலேயே இருக்கும். காலையில் எடுக்கிற ரத்தத்தில் ஆல்டோஸ்டிரோன், ரெனின் இரண்டையும் அளந்து விகிதம் பார்த்தால்தான் துப்புக் கிடைக்கும்.

"காரணம் தெரிந்தாலும் மாத்திரைதானே?" என்று கேட்பவர்களுக்குத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பக்கச் சுரப்பியில் மட்டும் கோளாறு என்றால் லேப்ராஸ்கோப்பி மூலம் அதை எடுத்துவிடலாம். பலருக்கு மாத்திரை குறைகிறது, சிலருக்கு முற்றிலும் நின்றுவிடுகிறது. எந்தப் பக்கம் என்பதைச் சுரப்பியின் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிசெய்வார்கள். இரு பக்கமும் என்றால் ஆல்டோஸ்டிரோனையே தடுக்கிற ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரை இருக்கிறது. மைனிக்கு அதைக் கொடுத்தபிறகுதான் 130-க்கு வந்தது. இதைக் கண்டுபிடிக்காமல் விட்டால், அதே அளவு பிரஷர் உள்ள மற்றவர்களைவிட இவர்களுக்குப் பக்கவாதமும் இதயத் துடிப்புக் கோளாறும் அதிகம் வருகின்றன.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மிக நல்ல காரியம். மூன்று வகை மாத்திரை போட்டும் இறங்காதவர்கள், நாற்பது வயதுக்கு முன்பே பிரஷர் வந்தவர்கள், பொட்டாசியம் குறைந்தவர்கள், ஸ்கேனில் அட்ரீனல் கட்டி தெரிந்தவர்கள் மருத்துவரிடம் இன்னும் ஒன்றைக் கேளுங்கள்: "ஆல்டோஸ்டிரோனும் ரெனினும் பார்த்துவிடலாமா?" அதற்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்தவருக்கு எழுதிய ஸ்பைரனோலாக்டோனை வாங்கிப் போடவும் வேண்டாம். அதனால் பொட்டாசியம் ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. வீட்டில் உள்ளவர்களே, கருவாட்டுச் சட்டியைத் திறந்து பார்க்கும் முன் அந்த ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.