4 வருடம் நிலையான சம்பாத்தியம் இல்லை... சோறு போட்டது காதலி!

அமெரிக்க வாலிபர் எரிக் பரோன் 2011-ல் கம்ப்யூட்டர் படிப்பு முடித்தார். வேலை கிடைக்கவில்லை. சியாட்டில் பகுதியில் வீட்டிலேயே உட்கார்ந்து, விவசாயம் செய்யும் கம்ப்யூட்டர் கேம் ஒன்றைத் தொடங்கினார். புரோகிராம், படம், இசை எல்லாமே ஒண்டி ஆளாக! 4 வருடத்துக்கு மேல் இழுத்துவிட்டது.

அதுவரை வயிற்றுப்பாடு? காதலியின் சம்பளம்தான். இவரும் தியேட்டரில் சீட் காட்டும் பகுதி நேர வேலைக்குப் போனார்.

2016 பிப்ரவரி 26-ந்தேதி 'ஸ்டார்டியூ வேலி' இன்டர்நெட்டில் விற்பனைக்கு வந்தது. விலை 15 டாலர். இரண்டே மாதத்தில் 10 லட்சம் காப்பி காலி! 2024 கடைசிக்குள் 4 கோடியைத் தாண்டியது.

'ஆன்லைனில் கோடீஸ்வரர் ஆனவர்' என்று ஊரே பேசுகிறது. அந்த 4 வருட மளிகைக் கடை பில்லை மட்டும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தச் சம்பளம் வராமல் போயிருந்தால் கேம் பாதியில் நின்றிருக்கும்.

2021-ல் அடுத்த கேமை அறிவித்தார். அதுவும் தனி ஆளாகத்தான். இந்த முறை மளிகைக் கவலை இல்லை.