இணைய முகவரியும் வங்கியின் பொறுப்பும்

'சந்தேகத்துக்குரிய இணைப்பைத் தொடாதீர்கள்' என்னும் எச்சரிக்கையை அறியாத வாடிக்கையாளர் இன்று அரியவர். ஆயினும், எது சந்தேகத்துக்குரியது என்று கண்டறியும் வழி தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கையால் பயன் சிறிதே. ஓர் இணைய முகவரியைப் பகுத்துப் படிக்கும் முறையை வாடிக்கையாளர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, வங்கியின் கணினி நிரல்கள் அதைப் பிழையின்றிச் செய்ய வேண்டும் என்பது எமது உறுதியான கருத்து.

இணைய முகவரியின் இலக்கணம் 1994 டிசம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீ உள்ளிட்ட வல்லுநர்களால் எழுத்தில் வரையறுக்கப்பட்டது. முதலில் 'எச்டிடிபிஎஸ்' என்னும் தொடர்பு முறை. அடுத்துத் தளத்தின் பெயர். சாய்கோட்டுக்குப் பின் பக்கத்துக்குரிய பாதை. கேள்விக்குறிக்குப் பின் கூடுதல் விவரங்கள். இவற்றுள் தளத்தின் பெயரே உரிமையாளரைக் காட்டுவது. அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அஞ்சல் ஊழியர் கடிதத்தைப் பிரிக்கும்போது கடைசி வரியிலுள்ள பின்கோடைத்தானே முதலில் பார்க்கிறார்? அதுபோலத்தான் இதுவும்.

ஓர் எடுத்துக்காட்டு: 'நம்வங்கி.பேங்க்.இன்' என்பது வங்கியின் தளம் எனக் கொள்வோம். 'நம்வங்கி.பேங்க்.இன்.பரிசு.காம்' என்பதோ 'பரிசு.காம்' என்னும் பெயரை வாங்கியவருடைய தளம். முன்னால் நிற்கும் வங்கிப் பெயர் வெறும் ஒப்பனை. தளப்பெயர்ப் பகுதியில் 'அட்' குறி வந்தாலும் இதே கதைதான்: குறிக்கு முன்னால் உள்ளது பயனர் பெயராகவே கொள்ளப்படும், உண்மையான தளம் குறிக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. பூட்டுச் சின்னமும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது என்பதற்கே சான்று. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதற்கு அன்று.

இந்நிலையில், வங்கிகளுக்கென்றே 'பேங்க்.இன்' என்னும் தனித் தளப்பெயரை இந்திய ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்ததை மனமார வரவேற்கிறோம். ஐதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே இப்பெயர்களைப் பதிவு செய்து தருகிறது. 2025 அக்டோபர் 31-க்குள் வங்கிகள் இதற்கு மாற வேண்டும் என்று காலக்கெடுவும் விதிக்கப்பட்டது. பெயரின் வலக்கோடியைப் பார்த்தாலே வங்கியா, வேறா என்று அறியும் வாய்ப்பு இதனால் கிட்டியுள்ளது.

எனினும், வாடிக்கையாளரின் விழிப்புணர்வு மட்டுமே அரணாகிவிடாது. ஓய்வூதியத்தை எதிர்பார்த்திருக்கும் முதியவர் ஒருவர் கைப்பேசியின் சிறு திரையில் முகவரியின் ஒரு துண்டையே காண்கிறார். முழு முகவரியையும் காண்பது வங்கியின் சர்வர்தான். ஆகவே முதற்பொறுப்பும் அதற்கே உரியது.

சர்வரில் நிகழும் பிழைகள் பெரும்பாலும் எளியவை. வந்த முகவரியில் வங்கியின் பெயர் 'எங்கேனும் இருக்கிறதா' என்று மட்டும் நிரல் தேடினால், மேற்சொன்ன 'பரிசு.காம்' முகவரியும் தேர்ச்சி பெற்றுவிடும். உள்நுழைந்த பின் வாடிக்கையாளரை அனுப்ப வேண்டிய பக்கத்தைக் கேள்விக்குறிக்குப் பின்னுள்ள பகுதியிலிருந்து எடுக்கும் நிரல்களுக்கு இது பேராபத்து. உண்மையான வங்கித் தளத்தில் தொடங்கிய பயணம் மோசடிக்காரரின் வாசலில் முடியும். பைதான், பிஎச்பி, ஜாவா ஆகிய மொழிகளில் முகவரியைப் பகுக்கும் கருவிகள் உடன் வருகின்றன. அவற்றால் தளப்பெயரைத் தனியே பிரித்தெடுத்து, அனுமதிக்கப்பட்ட பட்டியலுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே முறை.

பாதையிலும் விவரங்களிலும் வரும் எண்களை அப்படியே நம்புவது மற்றொரு பிழை. அமெரிக்காவின் 'ஃபர்ஸ்ட் அமெரிக்கன்' நிறுவனத்தின் தளத்தில், முகவரியிலிருந்த ஓர் எண்ணை மாற்றினாலே பிறருடைய ஆவணம் திறந்துகொண்டது. ஏறத்தாழ 88 கோடியே 50 லட்சம் பதிவுகள் இவ்வாறு காணத்தக்க நிலையில் இருந்தமை 2019 மே மாதத்தில் வெளிப்பட்டது. பூட்டை உடைக்கும் திறன் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. 'இந்த ஆவணத்தைக் கேட்பவருக்கு அதைக் காணும் உரிமை உண்டா' என்று ஒவ்வொரு முறையும் சர்வர் சரிபார்த்திருந்தால் அது நேர்ந்திராது. கணக்கு எண் போன்றவற்றை முகவரியில் வைப்பதும் தகாது. அவை பிரவுசரின் வரலாற்றிலும் சர்வரின் பதிவேட்டிலும் தங்கிவிடும்.

எனவே வங்கித்துறை மூன்று நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும் என வலியுறுத்துகிறோம். வாடிக்கையாளருக்கான சேவை அனைத்தும் ஒரே தளப்பெயரின் கீழ் அமைய வேண்டும். யாருடையது என்று புரியாத சுருக்க இணைப்புகளைக் குறுஞ்செய்திகளில் அனுப்புதல் கூடாது. முகவரியைக் கையாளும் ஒவ்வொரு நிரலும், பணத்தைக் கையாளும் நிரலுக்குரிய கண்டிப்புடன் தணிக்கை செய்யப்பட வேண்டும். இதற்கு ஆகும் செலவு, ஒரு குடும்பத்தின் சேமிப்பு பறிபோவதனால் நேரும் இழப்புக்கு முன் அற்பமே.

வாடிக்கையாளர்களிடம் நாம் வேண்டுவதும் சில உண்டு. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பின் வழியே கடவுச்சொல்லை இடாதீர்கள். வங்கியின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அப்போதும் தளப்பெயரின் வலக்கோடியை ஒருமுறை பாருங்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், வெட்கமோ தயக்கமோ இன்றி 1930 என்னும் தேசிய உதவி எண்ணை உடனே அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் கைமாறிக் கரையுமுன் அதைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு, எவ்வளவு விரைவில் அழைக்கிறீர்கள் என்பதையே பொறுத்தது.