அபின் பெட்டியும் தேயிலைப் பெட்டியும்

அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு 2026 ஜூலை 4-ஆம் தேதியோடு 250 வயது. வாணவேடிக்கையும் வாழ்த்துரையும் தொலைக்காட்சியில் வரும். பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை மறுபடியும் சொல்வார்கள். நல்ல கதைதான். ஆனால் அமெரிக்க விடுதலைப் போரின் பேரேட்டில் ஜொகூர் பெயரிலும் ஒரு பெரிய பற்று எழுதப்பட்டிருக்கிறது. அதை ஜொகூரிலேயே யாரும் பேசுவதில்லை.

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் அல்ல. பாசிர் கூடாங் துறைமுகத்தில் ஃபார்வர்டிங் வேலையில் தலை நரைத்தவன். கே-1 பாரம், பில் ஆஃப் லேடிங், எந்தப் பெட்டி யாருடையது, தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று ஆயுசுக்கும் வாதாடியவன். அதனால்தானோ என்னவோ, அந்தப் போர்க்காலத்தில் ஜொகூரை நிர்வகித்த ராஜா ஹாஜியின் வரலாற்றைப் படித்தபோது மற்றவர்களுக்கு அவருடைய வீரம் தெரிகிற இடத்தில் எனக்கு ஒரு சரக்குத் தகராறு தெரிந்தது.

அவர் காலத்தில் ஜொகூரின் அரியணை இந்தக் கரையில் இல்லை. சிங்கப்பூருக்குத் தெற்கே பிந்தான் தீவில், ரியாவில் இருந்தது. சுல்தான் மாமுட் இளையவர். நிர்வாகம் பூகிஸ் வம்சத்து யாம்துவான் மூடா, அதாவது துணை ஆட்சியாளர், ராஜா ஹாஜியின் கையில். ஈயம், மிளகு, காம்பியர், துணி, அபின் என்று எல்லாம் கைமாறிய பரபரப்பான துறைமுகம் அது. பக்கத்தில் மலாக்கா டச்சுக்காரர்களிடம்.

இதற்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? கரீபியன் கடலில் சின்ட் யூஸ்டேஷியஸ் என்று டச்சுக்காரர்களுக்கு ஒரு குட்டித் தீவு உண்டு. கலகம் செய்த அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வெடிமருந்து அந்த வழியாகவும் போனது. பொறுத்துப் பார்த்த பிரிட்டன், 1780 டிசம்பரில் டச்சுக்காரர்கள் மீது போர் அறிவித்தது. அன்றிலிருந்து இந்தக் கடல்களிலும் அவர்கள் இருவரும் எதிரிகள். பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே அமெரிக்கர்களோடு சேர்ந்திருந்தார்கள்.

1782-இல் பெட்ஸி என்ற ஆங்கிலக் கப்பல் வங்காளத்து அபினோடு ரியாவுக்கு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள். அதை ஒரு பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல் ரியாவிலேயே மடக்கிப் பிடித்தது. மலாக்காவின் டச்சு ஆளுநர் டி பிரைன் அதற்கு உடந்தை. கொள்ளைப் பொருள் மலாக்காவுக்குப் போனது. எதிரிக் கப்பல் பிடிபட்டால் பாதிப் பங்கு எங்களுக்கு என்று ஏற்கெனவே உடன்பாடு இருக்கிறது என்றார் ராஜா ஹாஜி. அவருடைய பேரர் ராஜா அலி ஹாஜி எழுதிய துஹ்ஃபாத் அல்-நஃபீஸ் நூலும் இதைத்தான் சொல்கிறது. மலாக்கா கையை விரித்தது.

துறைமுகத்தில் வேலை பார்த்த எவனைக் கேட்டாலும் சொல்வான், ராஜா ஹாஜி கேட்டது நியாயம் என்று. என் துறைமுகத்தில், என் காவலை நம்பி நங்கூரம் போட்ட கப்பலை நீ பிடிக்கிறாய். நாளைக்கு எந்த வியாபாரி என்னை நம்பி வருவான்? பங்கு கிடைக்காதது ஒரு நஷ்டம்தான். ஆனால் துறைமுகத்தின் பேர் கெட்டால் அதற்கு ஈடே கிடையாது.

பேச்சு முறிந்தது. டச்சுக் கப்பல்கள் ரியாவை முற்றுகையிட்டன. 1784 ஜனவரியில் அவர்களுடைய முக்கியக் கப்பல் ஒன்று வெடித்துச் சிதறியதும் பின்வாங்கி ஓடின. ராஜா ஹாஜி அவர்களைத் துரத்திக்கொண்டு மலாக்காவுக்கே போய், நகரத்துக்குத் தெற்கே தெலுக் கெத்தாப்பாங் கரையில் அரண் அமைத்தார். வடக்கிலிருந்து அவருடைய உறவினரான சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் நெருக்கினார். மலாக்கா விழுந்திருக்கும். அந்த நேரத்தில்தான் டச்சுத் தளபதி வான் பிராமின் போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஜூன் 18-ஆம் தேதி ராஜா ஹாஜி அந்தக் கரையிலேயே கொல்லப்பட்டார். அவ்வருட நவம்பரில் சுல்தான் மாமுட் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி ரியாவ் டச்சுக்காரர்களின் உடைமை ஆனது. அதில் சுல்தான் அவர்களுக்குக் கட்டுப்பட்டவர். 1783 செப்டம்பரில் பாரிஸில் அமெரிக்கா சுதந்திர நாடாக ஏற்கப்பட்டு ஓராண்டு சொச்சம்தான் ஆகியிருந்தது.

இரண்டு தகராறுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஸ்டனில் 1773 டிசம்பரில் கடலில் விழுந்தவை 342 பெட்டிகள், கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை. அதே 1773-இல்தான் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபின் வியாபாரத்தைக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். இரண்டு சரக்குக்கும் பின்னால் நின்றது ஒரே கம்பெனி. பாஸ்டனில் கோபப்பட்டவர்களில் வரியை எதிர்த்தவர்களும் உண்டு, கம்பெனித் தேயிலை மலிவாக வந்தால் தங்கள் கடத்தல் தேயிலை விலை போகாதே என்று பயந்தவர்களும் உண்டு. அங்கே பணத் தகராறு சுதந்திரத் தாகம் என்று பெயர் வாங்கியது. இங்கே நடந்ததோ அபின் பங்குக்காகப் பூகிஸ் தலைவன் செய்த சண்டை என்று பல புத்தகங்களில் ஒரே வரியில் முடிகிறது.

அவர் ஜனநாயகத்துக்காகவா போராடினார் என்று கேட்கலாம். இல்லைதான். ரியாவில் பூகிஸ் ஆதிக்கத்தை வெறுத்த மலாய்ப் பிரபுக்கள் இருந்தார்கள். அந்தச் சந்தையில் அடிமைகளும் விற்கப்பட்டார்கள். அபின் விற்ற காசு நல்ல காசும் அல்ல. ஆனால் வாஷிங்டனின் பண்ணையிலும் அடிமைகள்தானே உழைத்தார்கள்? அதைத் தெரிந்துகொண்டே அவரை விடுதலை வீரர் என்கிறோம். அதே தாராளத்தை ராஜா ஹாஜியிடமும் காட்டலாம். இந்தோனேசியா 1997-இல் அவரைத் தேசிய வீரராக அறிவித்தது. தஞ்சோங் பினாங் விமான நிலையத்துக்கு அவர் பெயர். ஜொகூர் அரசின் பேரால் போரிட்டு மாண்டவரை நாம்தான் அண்டை வீட்டுக்காரராக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழனுக்கு இதில் என்ன என்று காப்பிக்கடையில் ஒருவர் என்னை மடக்கினார். நாகப்பட்டினம் என்றேன். டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து 1658-இல் பிடித்த ஊர் அது. இந்த அமெரிக்கப் போர் கிளப்பிய சண்டையில்தான் 1781 நவம்பரில் ஆங்கிலேயர் அதைப் பிடித்தார்கள். 1784 சமாதானத்திலும் திருப்பித் தரவில்லை. கீழைக் கடல்களில் ஆங்கிலக் கப்பல்களைத் தடுக்க மாட்டோம் என்றும் அதே உடன்படிக்கையில் டச்சுக்காரர்களிடம் எழுதி வாங்கினார்கள். இரண்டு வருடத்தில் பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏறியது. அங்கே கட்டிய கோட்டைக்கு யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் சரணடைந்த கார்ன்வாலிஸின் பெயர். தோற்ற தளபதி 1786-இல் இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்திருந்தார்! பிற்காலத்தில் என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி, கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்தார். அவர் ஏறிய துறையும் இறங்கிய கரையும் ஒரே ஆட்சியின் கீழ் வந்ததற்கு அந்தப் போரும் ஒரு காரணம்.

கடலூரை மறந்துவிடக் கூடாது. பிரிட்டனும் பிரான்சும் 1783 ஜனவரியிலேயே பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டன. செய்தி வந்து சேராததால் ஜூன் மாதம் அவர்கள் கடலூரில் தரையிலும் கடலிலும் மோதிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவுக்காக மூண்ட போரின் கடைசிச் சண்டைகள் நம் சோழமண்டலக் கரையில் நடந்தன.

ஆகவே என் யோசனை சின்னது. ஜொகூர் பள்ளிகள் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி மலாக்காவுக்குக் கூட்டிப் போகின்றன. ஆ ஃபாமோசா வாசலில் படம் எடுத்து, செண்டோல் வாங்கிக் கொடுத்துத் திரும்புகின்றன. மூவார் வழியாகக் கடற்கரைச் சாலையில் போனால், ராஜா ஹாஜி அரண் அமைத்த கரை நகரத்துக்கு முன்பே வந்துவிடும். அங்கே அரை மணி நேரம் இறக்கிவிடுங்கள். பாஸ்டனின் 342 பெட்டிகளைப் பற்றியும் அங்கேயே சொல்லுங்கள். பெட்ஸியின் சரக்குத் தகராறை விளக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். பெட்ரோல் செலவு என்னுடையது. செண்டோல் மட்டும் பள்ளிக்கூடம் வாங்கித் தரட்டும்.