மாத்திரையும் மந்திரமா?

"முன்பெல்லாம் ஒரே ஊசியில் ஆறிய புண் இப்போது பத்து ஊசிக்கும் ஆறமாட்டேனென்கிறதே, எல்லாம் கலிகாலம்!" என்று பெருமூச்சு விடுகிறவர்களை ஊர்தோறும் காண்கிறோம். படித்தவர்களும் இப்படியே பேசுகிறார்கள். நாம் கேட்கின்றோம்: கிருமி பஞ்சாங்கம் பார்த்தா பெருகுகின்றது?

சங்கதியைச் சொல்லுகிறோம், கேளுங்கள். பாக்டீரியா என்பது ஒரே செல்லாலான கிருமி. அதன் உள்ளழுத்தம் அதிகமாதலால், மெல்லிய சவ்வு மட்டும் இருந்தால் வெடித்துப்போகும். ஆகையால் சவ்வுக்கு வெளியே, சர்க்கரைச் சங்கிலிகளைக் குறுக்கே முடிச்சுப்போட்டுப் பின்னிய வலைபோன்ற சுவர் ஒன்று இருக்கின்றது. அதைக் கட்டுவது பிரம்மாவா? அல்ல. சவ்விலே ஒரு முனையை ஊன்றிக்கொண்டு, வெளியே முடிச்சுப்போடும் சில புரதங்களே அதன் கொத்தர்கள். குடலில் வாழும் ஈ. கோலைக் கிருமிக்கோ வெளியிலும் ஒரு சவ்வு உண்டு. அதையும் சுவரையும் ஆணி அடித்தாற்போலப் பிணைக்கும் மற்றொரு புரதத்தை 1969-இல் பிரவுன் என்னும் ஜெர்மன் விஞ்ஞானி விளக்கினார். அது இல்லாவிட்டால் வெளிச்சவ்வு கொப்பளித்து ஒழுகும்.

1928-இல் பிளெமிங் கண்ட பென்சிலின் செய்வதென்ன? கொத்தன் எடுக்கும் கல்லைப்போல வேஷமிட்டு அவன் கையில் ஒட்டிக்கொள்கிறது. முடிச்சு நிற்கிறது, சுவர் இளைக்கிறது, கிருமி வெடிக்கிறது. இதில் மந்திரம் எங்கே, மாயம் எங்கே?

நிற்க, 1961-இல் இங்கிலாந்தில், பென்சிலின் இனத்தைச் சேர்ந்த மெதிசிலினுக்கும் அடங்காத சீழ்க்கிருமிகள் காணப்பட்டன. அம்மருந்து எளிதில் ஒட்டமுடியாத கையுள்ள வேறொரு கொத்தன் அவற்றின் சவ்வில் ஊன்றி நிற்பது பிற்பாடு தெரியவந்தது. அதற்கு எந்தத் தேவதையும் வரம் கொடுக்கவில்லை. மருந்து மற்றவற்றைக் கொல்ல, இக்கொத்தனையுடையவை மட்டும் பிழைத்துப் பெருகின. அவ்வளவே!

அப்படியிருக்க, தும்மினாலும் மருந்துக்கடைக்கு ஓடி, வைத்தியர் சீட்டில்லாமல் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்குவது அறிவுடைமையாகுமா? ஜலதோஷம் வைரஸால் வருவது. வைரஸுக்கு இந்தச் சுவருமில்லை, கொத்தனுமில்லை. பின் பென்சிலின் யார் கையைப் பிடிக்கும்? உடம்பிலுள்ள மற்றக் கிருமிகளில் அடங்காதவற்றைப் பொறுக்கி வளர்ப்பதே கண்ட பலன். தாயத்துக் கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கும் நாம், மாத்திரையையே தாயத்தாக்கலாமா?

"நோயாளி கேட்டார், கொடுத்தோம்" என்கிறார்கள் சில கடைக்காரர்களும் சில வைத்தியர்களும். "பக்தன் கேட்டான், விபூதி கொடுத்தேன்" என்னும் பூசாரிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்? விபூதியாவது பூசியவன் நெற்றியோடு நிற்கும். இவர்கள் வளர்க்கும் கிருமியோ அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கொல்லும். அறியாமல் அரைகுறை அளவில் உட்கொள்ளுகிறவனால் அவன் வீட்டாரே சாக நேரிடுமென்று 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே பிளெமிங் எச்சரித்தார். கேட்டவர் யார்? மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019-ஆம் வருஷத்தில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே! வைத்தியர் பரிசோதித்துச் சொன்னாலன்றி இம்மருந்துகளைத் தொடாதீர்கள். சொன்னால் சொன்ன அளவைத் தவறாதீர்கள். "இது எந்தக் கிருமிக்கு, எதற்காக?" என்று வைத்தியரைக் கூசாமல் கேளுங்கள். பதில் சொல்லுவது அவர் கடமை. கேட்பது உங்கள் உரிமை.