களைத்தவர் கையிற் சீட்டு

களைப்பைப் போக்கிக்கொள்ள மனிதன் கண்ட வழிகளுள் விளையாட்டும் ஒன்று. அவ்விளையாட்டே களைப்பை மிகுவிக்குமாயின், பிழை களைத்தவனிடத்தில் உள்ளதா, விளையாட்டை அவ்வாறு அமைத்தவரிடத்தில் உள்ளதா என்னும் வினா எழுகின்றது. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிற் பண்டிகைக் காலங்களில் நடைபெறும் சீட்டாட்டச் சுற்றுப்போட்டிகளை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் தகும். சம்பளம், காணி, வீடு ஆகியன தீராதிருக்கையிற் சீட்டாட்டம் ஒரு பொருளா எனக் கேட்போர் உளர். உழைக்கும் மனிதனுக்கு எஞ்சியிருக்கும் சில மணி நேரம் யாருக்கு உரியது என்பதே இங்குள்ள பிரச்சினை. அது சிறிய பிரச்சினை அன்று.

இலங்கைத் தமிழரிடையே பரவலாக ஆடப்படும் ஆட்டம் ‘முந்நூற்று நாலு’ என்பது. 32 சீட்டுகள், நால்வர், எதிரெதிரே அமரும் இரு சோடிகள். ஜேக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 எனப் புள்ளிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஓரினத்துக்கு 76 ஆக, நான்கினத்துக்கும் 304 வரும். ஆட்டத்தின் பெயர் இக்கணக்கின் விளைவே. முதல் நான்கு சீட்டுகளை மட்டும் பார்த்துக் கேள்வி கேட்கவேண்டும். துரும்பைக் கவிழ்த்து வைக்கவேண்டும். எவர் எதை இறக்கினார், எது இன்னும் வெளிவரவில்லை என்பதை இறுதிவரை நினைவில் வைத்திருக்கவேண்டும். அதிர்ட்டத்துக்கு இதிற் பங்கு உண்டெனினும் நினைவாற்றலுக்கும் கணிப்புக்குமே பெரும்பங்கு உண்டு. எழுத்தறிவு மறுக்கப்பட்ட தலைமுறைகள்கூட இத்தகைய ஆட்டங்களில் வல்லவராய் விளங்கினர் என்பது, அவர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிட்டோருக்கு ஒரு மறுமொழியாகும்.

இவ்வாட்டம் லயத்து இஸ்தோப்பில் நிகழ்கையில் அதன் இயல்பு வேறு. ஒருவர் எழுந்து போகலாம். இன்னொருவர் அவ்விடத்தில் அமரலாம். தூக்கம் வந்தாற் சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் படுக்கலாம். கேலி உண்டு, கோபம் உண்டு. ஆயினும் கணக்கு அன்றிரவோடு முடிந்துவிடும். சுற்றுப்போட்டியில் இவற்றுள் ஒன்றும் இல்லை. நுழைவுக் கட்டணம் உண்டு, பெயர்ப் பதிவு உண்டு, நடுவர் உண்டு, தோற்றவர் விலகும் முறை உண்டு, வென்றவர் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கவேண்டிய கட்டாயமும் உண்டு.

தீபாவளிக்கு ஊர் வரும் ஓர் இளைஞனை எடுத்துக்கொள்வோம். கொழும்பிற் கடையொன்றில் நாள் முழுதும் நின்று பணியாற்றியவன். இரவு அஞ்சல் வண்டியில் இருக்கை கிடையாது, பதுளை வரையான பத்து மணி நேரப் பயணத்திற் பெரும்பகுதியை நின்றே கழித்தவன். அவனுடைய சோடி, கவ்வாத்து மலையிற் கத்தி பிடித்துத் தோள் கடுத்த தொழிலாளி. மூன்றாம் சுற்று நள்ளிரவை அண்மிக்கின்றது. துரும்பின் ஒன்பது முன்னரே போய்விட்டதை இளைஞன் மறந்துவிடுகிறான், ஆட்டம் கைநழுவுகிறது. எதிரிலிருக்கும் சோடி கடிந்துகொள்கிறான். பார்த்திருப்போர் நகைக்கின்றனர். அன்றிரவு அவன் பெறுவது பரிசும் அன்று, ஓய்வும் அன்று, குற்றவுணர்வு ஒன்றே. அவனது களைப்புக்குக் காரணமான கடை முதலாளியோ வண்டியில் இடமின்மையோ அந்த மேசையில் இல்லை. களைத்தவர் இருவர் மட்டுமே அங்கிருந்து ஒருவரையொருவர் நொந்துகொள்கின்றனர்.

இவ்விளைஞனைப் பற்றி இருசாரார் தீர்ப்புக் கூறுவர். முதற்சாரார் ஒழுக்கவாதிகள். சீட்டைத் தொட்டவன் சோம்பேறி என்பது இவர்தம் கொள்கை. திருவள்ளுவர் ‘சூது’ என்றோர் அதிகாரமே வகுத்துள்ளாரன்றோ என இவர் வினவுவர். வள்ளுவர் கடிந்தது பணயம் வைத்தாடி அழிதலை. பணயமின்றி இஸ்தோப்பில் ஆடும் ஆட்டத்தைக் கடிந்துவிட்டு, கட்டணம் பெற்றுப் பரிசு வழங்கும் போட்டிக்குத் தலைமை தாங்க வருவோர், வள்ளுவரைத் துணைக்கழைக்கும் உரிமையை இழந்தவராவர். மேலும், தமிழிற் சோம்பல், மடி, அயர்வு, அலுப்பு, களைப்பு எனச் சொற்கள் பலவாக இருப்பது பொருள் பலவாக இருப்பதனாலேயே. உழைக்க மறுப்பவனின் நிலை மடி. உழைத்து ஓய்ந்தவனின் நிலை களைப்பு. தோட்டத்தை ஆண்டோர் இவ்வேறுபாட்டை ஒருபோதும் ஏற்றதில்லை. பிரட்டுக் களத்துக்குப் பிந்தி வந்தவன் காய்ச்சலில் வந்தாலும் சோம்பேறியே. துரைமாரின் அகராதியைக் கற்றோர் இன்று வேறு குரலில் வாசிக்கின்றனர்.

அதே துரைமார் தம் மாலைப் பொழுதை எவ்வாறு கழித்தனர்? நுவரெலியாவில் 1876இல் நிறுவப்பட்ட ஹில் கிளப் போன்ற சங்கங்கள் தோட்டந்தோறும் இருந்து வந்தோரின் ஓய்வுக்கென்றே எழுந்தவை. அங்கே நிகழ்ந்த ஆட்டம் நாகரிகம் எனப்பட்டது. லயத்தில் நிகழ்ந்த ஆட்டம் கெடுதி எனப்பட்டது. சீட்டுக் கட்டு ஒன்றே. பிடித்த கைகளே வேறு.

இரண்டாஞ்சாரார் முன்னேற்றவாதிகள். இவருட் பெரும்பாலோர் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்று விடுமுறைக்கு மீளும் மாணவரும், அவர்தம் ஆசிரியருமாவர். இவர் நோக்கம் நல்லது. எனவே இவரோடு வாதிடுவதே பயனுடையது. சிதறிக்கிடக்கும் ஆட்டத்தை ஒழுங்குபடுத்தினாற் கட்டுப்பாடு வளரும், போட்டி மனப்பான்மை தோன்றும், மதுவிலிருந்து இளைஞர் விலகுவர் என்பது இவர்தம் வாதம். களைத்தவன் பின்வாங்கும்போது, ‘ஊக்கம் வேண்டும்’ என இவர் கூறுவர். கொழுந்து மடுவத்தில் நாள்தோறும் ஒலிக்கும் சொல்லும் இதுவே. அங்கே நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தால் அரைப்பேர். இங்கே புள்ளி குறைந்தால் வெளியேற்றம். தராசிலிருந்து தப்பி வந்தவனை இன்னொரு தராசில் ஏற்றிவிட்டு, அதனை முன்னேற்றம் என அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

தோட்டத் தொழிலாளியிடம் ஊக்கம் குறைவு என்பதே உண்மைக்குப் புறம்பானது. அவரிடம் குறைவாக இருப்பது ஓய்வு. நியூயோர்க்கின் இலவச மருத்துவ நிலையமொன்றிற் பணியாற்றிய உளவியலாளர் ஹேர்பேர்ட் புரொய்டன்பேர்கர், தம்மைச் சூழ்ந்தோர் எரிந்து தீர்ந்தாற்போல ஓய்ந்துவிடும் நிலையை 1974இல் எழுதிக் காட்டினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதனைத் தொழில்சார் நிகழ்வு என வரையறுத்தது. சக்தி வற்றுதல், செய்யும் தொழிலின்மீது பற்று விடுதல், செயற்றிறன் குறைதல் என்பன அதன் மூன்று கூறுகள். தொழிலிடத்திலே தீர்க்கப்படாது நீடிக்கும் நெருக்கடி அதன் காரணம். தனிமனிதனின் குணக்கேடு எனும் விளக்கத்துக்கு இவ்வரையறையில் இடமில்லை. ஆயினும், அலுவலக ஊழியர்க்கும் வைத்தியர்க்கும் இவ்விளக்கத்தைத் தயங்காது வழங்குவோர், தேயிலைச் செடியருகே நிற்பவருக்கு மட்டும் அதனை மறுக்கின்றனர்.

போட்டி உலகமே இதனை ஒப்புக்கொண்டதற்குச் சான்று உண்டு. உலகச் சதுரங்கப் பட்டத்துக்காகக் கார்ப்போவும் கஸ்பரோவும் 1984 செப்டெம்பரில் மோதத் தொடங்கினர். ஐந்து மாதங்களில் 48 ஆட்டங்கள் முடிந்தும் முடிவு எட்டப்படவில்லை. 1985 பெப்ரவரி 15ஆம் நாள், ஆட்டக்காரரின் களைப்பைக் காரணங்காட்டி உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் தலைவர் கம்போமனஸ் போட்டியை நிறுத்தினார். அம்முடிவு பெருஞ்சர்ச்சைக்கு உள்ளானது உண்மை. எனினும் உலகச் சாம்பியனின் உடல் ஓய்ந்தது என்பது போட்டியை நிறுத்தப் போதிய காரணமாகக் கொள்ளப்பட்டதும் உண்மை. பிரிட்ஜ் எனும் சீட்டாட்டத்தின் உலகப் போட்டிகளில், நால்வர் ஆடும் அணியில் அறுவர் வரை சேர்க்கப்படுவர். இருவர் ஆடாதிருந்து இளைப்பாறலாம். சாம்பியனுக்கு வழங்கப்படும் இளைப்பாறல், பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ வரும் ஆட்டக்காரனுக்கு ஏன் இல்லை?

இத்துணை வாதத்திலும் ஒருவர் இன்னும் இடம்பெறவில்லை. அவர் பெண். போட்டி மேசைகளைச் சூழ்ந்திருக்கும் கூட்டத்தில் அவரைக் காண்பது அரிது. விருப்பமின்மையன்று இதற்குக் காரணம், நேரமின்மையே காரணம். கவ்வாத்து, மருந்தடித்தல் முதலிய ஆண்களின் வேலை பெரும்பாலும் நண்பகலை அண்டி முடிந்துவிடும்; கொழுந்தெடுக்கும் பெண் மாலை நிறுவை முடியும்வரை மலையிலேயே நிற்கிறார். விடியுமுன் அடுப்பு, மாலையில் தண்ணீர், இரவிற் பிள்ளைகள். சுற்றுப்போட்டி நிகழும் நாளில் அவருக்குக் கூடுதலாகத் தேநீரும் சோறும் ஆக்கும் வேலை சேர்கின்றது. ஆணின் களைப்பு மேசையிற் பிழையாகவேனும் வெளிப்படுகிறது. பெண்ணின் களைப்புக்கு வெளிப்படும் இடமே இல்லை. ஓய்வைப் பற்றிப் பேசுவோர் இவ்விடத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். போட்டியே வேண்டாமெனில் மலையக இளைஞர் எதிலும் முன்வரமாட்டார் அன்றோ என்பர். போட்டியை ஒழிக்கவேண்டுமென இங்கு வாதிக்கப்படவில்லை. விலகும் உரிமையற்ற போட்டியே கண்டிக்கப்படுகின்றது. கூத்து மரபு அறிந்த மலையக மக்களுக்குப் பாரதக் கதை புதிதன்று. முதற்சூதில் அனைத்தையும் இழந்து மீட்கப்பெற்ற தருமன், அழைப்பு வந்ததும் மீண்டும் மேசைக்குச் சென்றான். அவனை அழித்தது ஆட்டத்தின்மீது கொண்ட ஆசை மட்டுமன்று. அழைப்பை மறுத்தல் இழுக்கு என்னும் எண்ணமுமாகும். களைத்தவன் ‘இன்று இயலாது’ என்று கூற நாணும் சமூகத்தில் ஒவ்வொருவரும் தருமனே. மறுபுறத்தில், மாசித் திங்களில் நிகழும் காமன் கூத்தும் உழைப்பும் கண்விழிப்பும் மிக்கதே. ஆயின் அங்கே வென்றவர், தோற்றவர் இல்லை. ஒருவர் ஓய்ந்தால் இன்னொருவர் தப்பை ஏந்துகிறார். கூட்டு விளையாட்டின் இலக்கணம் மலையகத்தின் கைவசம் முன்னரே உள்ளது, வெளியிலிருந்து கொணரவேண்டியதில்லை.

ஆகவே, விழாக்களை நடத்தும் இளைஞர்க்குரிய கடமைகள் சில உள. சோடிக்கு மாற்று ஆட்டக்காரர் ஒருவரை அனுமதிக்கவேண்டும். நுழைவுக் கட்டணம் நீங்கவேண்டும். இரவு ஒரு குறித்த மணிக்கு மேல் ஆட்டம் நிகழலாகாது. விலகுபவரின் பெயர் இகழ்ச்சியின்றி நீக்கப்படவேண்டும். பெண்களுக்கு மேசை ஒதுக்கினால் மட்டும் போதாது; அன்றைய அடுப்பை ஆண்கள் ஏற்கவேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

ஆயினும் நோயின் வேர் மேசையில் இல்லை. எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எஞ்சிய எட்டு மணி நேரம் தன் விருப்பத்துக்கு என்னும் கோரிக்கைக்காகச் சிக்காகோத் தொழிலாளர் 1886 மே மாதத்தில் வீதிக்கு வந்தனர். இலங்கைத் தோட்டங்களின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டபோது, விவாதம் பெரிதும் ரூபாவையும் கிலோவையும் பற்றியே நிகழ்ந்தது. மூன்றாவது எட்டு மணி நேரத்தைப் பற்றிப் பேசியோர் மிகச் சிலர். தொழிற்சங்கங்கள் அதனைப் பேசவேண்டும். பல்கலைக்கழகத்திற் பயில்வோர் அதனை எழுதவேண்டும். அதனை விடுத்துக் களைத்தவனுக்கு ஊக்கத்தைப் போதிப்பது, அவனுடைய உழைப்பை உறிஞ்சியவர்க்குத் துணைபோவதேயாகும்.

களைத்தவன் சீட்டைக் கவிழ்த்து வைத்து எழுந்து போகட்டும். அவனைச் சோம்பேறி என்று அழைக்கும் உரிமை அந்த மேசையைச் சுற்றி நிற்கும் எவருக்கும் இல்லை.