டாங்கி செய்யற ஊர்ல ஒரு டிரெய்லருக்கு நம்பர் இல்ல

முதல்லயே சொல்லிடறேன் மக்களே. "நாங்க எப்படி வண்டி செஞ்சோம் தெரியுமா"ன்னு பெருமை அடிச்சுக்கறதுக்காக இதை எழுதல. (சரி, கொஞ்சம் அடிச்சுக்குவேன். மூணு மாசம் கை காய்ச்சு போச்சுங்க :-) ) எனக்கு இருக்கறது கோபம். அது யார் மேலன்னு கடைசி வரைக்கும் படிச்சா புரியும்.

கதை இதுதான். போன வருஷம் திருமழிசை பக்கம் ஒரு காயலான் கடையில நானும் என் கிளாஸ் பசங்க மூணு பேரும் ஒரு டிரெய்லர் சட்டத்தைப் பார்த்தோம். முன்னாடி ஜெனரேட்டர் ஏத்தி இழுத்துட்டுப் போன வண்டி. பத்தடி நீளம், அஞ்சடி அகலம், ஒரே ஆக்சில். ரெண்டு மழைக்காலமா வெளியில கிடந்து முழுசா துரு. கடைக்கார அண்ணன் "எடைக்குத்தான் தம்பி தருவேன், வண்டின்னு நினைச்சு வாங்காத"ன்னு சொல்லிட்டுத் தராசுல ஏத்தினார். 240 கிலோ, கிலோ 45 ரூபாய். 10,800 ரூபாயைக் கொடுத்துட்டு, குட்டியானையில ஏத்தி அம்பத்தூர் எஸ்டேட்ல இருக்கற என் மாமாவோட வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு வந்தோம்.

இது மேல ஒரு சின்ன வீடு கட்டணும், உள்ள ரெண்டு பேர் படுக்கணும், பின்னாடி கதவைத் தூக்கினா அடுப்படி வரணும். அதை இழுத்துட்டுப் பழவேற்காடு போய் ஒரு ராத்திரி தங்கணும். எங்க ஆசை அவ்ளோதான்.

மாமா முதல்ல சிரிச்சார். அப்புறம் ஒரு சுத்தியலை எடுத்து சட்டம் முழுக்கத் தட்டிக்கிட்டே போனார். "டங்"னு கேட்டா இரும்பு உயிரோட இருக்கு, "தொப்"னு கேட்டா உள்ள போயிடுச்சுன்னு அர்த்தமாம். நெடுக ஓடற ரெண்டு சேனலும் "டங்". குறுக்க போட்டிருந்த ஸ்கொயர் டியூப்ல நாலு "தொப்". ஸ்க்ரூ டிரைவரால குத்தினா உள்ளயே இறங்குது. காரணம் சுலபம். திறந்த சேனல்ல தண்ணி நிக்காது, வழிஞ்சு காஞ்சிடும். மூடின டியூப்புக்குள்ள போன தண்ணி வெளிய வராது, உள்ளிருந்தே அரிக்கும். வெளியில பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது.

அந்த நாலையும் வெட்டி எறிஞ்சு புதுசு போட்டோம். துரு மேலயே வெல்டிங் அடிச்சா குமிழி வந்து பத்தவைப்பு நிக்காது, அதனால முதல்ல கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சோம். மூலைக்கு மூலை டேப் பிடிச்சு ரெண்டு குறுக்களவும் ஒண்ணா இருக்கான்னு பார்த்தோம். இல்லாட்டி வண்டி ஒரு பக்கமாவே இழுத்துட்டுப் போகும். மெட்ராஸ் காத்துல காலையில தேய்ச்ச இரும்பு சாயங்காலமே பழுப்பாயிடும், அதனால அன்னிக்கே ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு, அது மேல எனாமல் ரெண்டு கோட்டு. ஒவ்வொரு புது டியூப்போட அடியிலயும் தண்ணி வடிய ஒரு சின்ன ஓட்டை. ஹப் பேரிங் புதுசு, கிரீஸ் புதுசு, இழுக்கற கொக்கிக்குப் பக்கத்துல ரெண்டு சேஃப்டி செயின், பின்னாடி பிரேக் லைட், இண்டிகேட்டர், சிவப்பு ரிஃப்ளெக்டர். மொத்த எடையில பத்துல ஒரு பங்குக்குக் குறையாம கொக்கி மேல உக்கார்ற மாதிரி ஆக்சிலைக் கொஞ்சம் பின்னாடி தள்ளினோம். இல்லன்னா வேகம் எடுத்ததும் வால் ஆட ஆரம்பிச்சிடும். பெட்டி கட்டி முடிச்சு எடை மேடையில ஏத்தினா 610 கிலோ.

அதுக்கப்புறம்தான் நம்பர் வாங்கப் போனோம்.

வண்டியைப் பதிவு பண்ண படிவம் 20-ல விண்ணப்பிக்கணும். கூடவே படிவம் 21, அதாவது வித்தவர் கொடுக்கற விற்பனைச் சான்று. அப்புறம் படிவம் 22, தயாரிப்பாளர் கொடுக்கற தகுதிச் சான்று. கவுண்டர்ல இருந்தவர் கெட்டவர் இல்லைங்க, பொறுமையாவே கேட்டார். "தயாரிப்பாளர் யாருப்பா?" நாங்கதான் சார். "வித்தது யாரு?" யாரும் விக்கல சார். "அப்ப நீயே செஞ்சு உனக்கே வித்துக்கிட்டியா?"ன்னு கேட்டார். பக்கத்து சீட்டே சிரிச்சது. நானும் சிரிச்சேன். வெளிய வந்தப்பதான் வலிச்சது.

சரி, ஆர்.சி. இருக்கற ஒரு பழைய டிரெய்லரை வாங்கி அது மேல பெட்டி கட்டினா? அதுவும் நடக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் முதல்ல சொன்ன விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரி 9-ந் தேதி, கேரளாவுலேர்ந்து வந்த ஜெயச்சந்திரா வழக்குல உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். புதுசா செஞ்சா தயாரிப்பாளர் இல்ல, பழசுல செஞ்சா மாற்றம். மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி.

இதுல பெரிய தமாஷ் என்னன்னா, இப்படி ஒரு வண்டி உலகத்துலயே கிடையாதுன்னு நம்ம அரசாங்கம் சொல்லல. 2004 நவம்பர் 5-ந் தேதி மத்திய அரசு வண்டிகளை வகை பிரிச்சு ஒரு அறிவிக்கை போட்டுச்சு. அதுல போக்குவரத்து அல்லாத வண்டிங்க பட்டியல்ல "சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் அல்லது டிரெய்லர்"னு தனியா ஒரு வரியே இருக்கு. மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ். 124-ன்னு தரநிலையும் இருக்கு. ஆனா அது கம்பெனிகளுக்கு எழுதினது. ஒரு மாதிரி வண்டிக்கு அங்கீகாரம் வாங்கி நூறு, ஆயிரம்னு செய்யறவங்களுக்கு அந்தச் செலவு தாங்கும். ஒரே ஒரு வண்டி செய்யறவன் என்ன பண்ணுவான்? பந்தி இருக்கு, இலையும் இருக்கு, உள்ள போகத்தான் வாசல் இல்ல.

இப்ப எதிர்க்கட்சிக்கு வர்றேன். கிளாஸ்ல பாதிப் பேர் சொல்றது: "டேய், ரோட்ல ஜனங்க சாகறாங்க, கண்டவனும் துருப்பிடிச்ச இரும்பை ஒட்டவெச்சு ரோட்ல விட்டா என்ன ஆகறது?" நியாயமான கேள்வி. 2022-ல மட்டும் இந்தியாவுல சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர். அதுல தமிழ்நாடு மட்டும் 17,884. இதை வெச்சுக்கிட்டு யாரும் விளையாடக்கூடாது. உச்ச நீதிமன்றம் சொன்னதுலயும் எனக்குச் சண்டை இல்ல. எவனோ பைக் சைலன்சரை மாத்திட்டுப் பேய் மாதிரி கத்தவிட்டா எனக்கும்தான் கடுப்பு.

ஆனா ஒரு நாள் ராத்திரி பூந்தமல்லி ஹைரோட்ல நின்னு பாருங்க. கான்கிரீட் கலக்கற மிஷினை டிராக்டர் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போவாங்க. நம்பர் இருக்காது, லைட் இருக்காது, ஒரு சிவப்புத் துணிகூட இருக்காது. தார் காய்ச்சற டிரம் வண்டி, கல்யாண ஜெனரேட்டர் வண்டி, எல்லாம் இதே கதைதான். என் பெரியப்பா பையன் ரெண்டு வருஷம் முன்னாடி வேலை முடிஞ்சு பைக்ல வர்றப்ப, பைபாஸ் ஓரத்துல இருட்டுல நிறுத்தியிருந்த அப்படி ஒரு மிஷின்ல மோதினான். இடது கால்ல ராடு வெச்சிருக்காங்க. இன்னிக்கும் படி ஏறினா கைப்பிடி வேணும். அந்த மிஷின் யாரோடதுன்னு கண்டுபிடிக்கவே முடியல. நம்பர் இருந்தாத்தானே?

நான் சொல்ல வர்ற ஒரே விஷயம் இதுதாங்க. வழி காட்டாத சட்டம் யாரையும் தடுக்கறதில்ல. லைட் வெச்சு, செயின் வெச்சு, எடை போட்டு, நாலு பேர் வந்து பார்க்கட்டும்னு நேர்மையா வர்றவனை மட்டும்தான் அது வாசல்லயே நிறுத்துது. எவன் கேக்கப் போறான்னு இழுத்துட்டுப் போறவனுக்கு அதால எந்தத் தொந்தரவும் இல்ல. எங்ககிட்டயே ஒருத்தர் "ராத்திரி பதினோரு மணிக்கு மேல உள் ரோடாவே இழுத்துட்டுப் போயிடுங்க தம்பி, யாரும் பார்க்க மாட்டாங்க"ன்னு யோசனை சொன்னார். அந்த யோசனையோட விலை என் அண்ணன் கால்.

மத்த ஊர்ல எப்படி? அமெரிக்காவுல பல மாநிலத்துல வீட்ல செஞ்ச டிரெய்லரைக் கொண்டு போய்க் காட்டினா, பார்த்துட்டு அதுக்குன்னு ஒரு அடையாள எண் கொடுப்பாங்க. அங்க 1947-லயே மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை ரெண்டு பேர் படுக்கற குட்டி டிரெய்லருக்கு வரைபடம் போட்டுச்சு, ஜனங்க அதை வெச்சு வீட்டுக் கொட்டகையில செஞ்சாங்க. ஆஸ்திரேலியாவுல 4.5 டன்னுக்குள்ள இருக்கற சின்ன டிரெய்லரைச் செய்யறவங்களுக்குன்னே வி.எஸ்.பி. 1-ன்னு ஒரு கையேடு இருக்கு. இங்கிலாந்துல ஒத்த வண்டிக்குன்னே தனிப் பரிசோதனை இருக்கு. அவங்க ரோடெல்லாம் பிணக்காடா ஆகிடல.

அதெல்லாம் வெளிநாடு, நம்மாளுக்குத் திறமை பத்தாதுன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு கேக்கறேன். நாம உக்கார்ந்திருக்கற ஊர் எது? ஆவடி. 1965-ல முதல் விஜயந்தா டாங்கி வெளிய வந்த ஊர். இன்னிக்கும் டி-90 இங்கதான் செய்யறாங்க, அர்ஜுனை வடிவமைச்ச சி.வி.ஆர்.டி.இ. இங்கதான் இருக்கு. பக்கத்துல அம்பத்தூர்ல 1949-லேர்ந்து டி.ஐ. சைக்கிள், பாடியில வீல்ஸ் இந்தியா. இந்த ஏரியாவுல தெருவுக்கு ஒரு லேத், சந்துக்கு ஒரு வெல்டர். ராணுவத்துக்கு இரும்பு ஒட்டத் தெரிஞ்ச கைக்கு ரெண்டு சக்கர டிரெய்லர் ஒட்டத் தெரியாதா?

2019-ல நாமக்கல் பரமத்தி வேலூர்க்காரர் அருண் பிரபு ஒரு ஆட்டோ மேல 36 சதுர அடியில வீடு செஞ்சார். பெரும்பாலும் பழைய பொருள், ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய் செலவு, கூரை மேல சோலார், தண்ணித் தொட்டி. படம் ஊரெல்லாம் சுத்துச்சு. 2021-ல ஆனந்த் மகிந்திராவே அவரைத் தேடி ட்வீட் போட்டார். எல்லாரும் கை தட்டினோம். நானும்தான். ஆனா அடுத்த அருண் பிரபு ஒரு வண்டி செஞ்சா எந்தக் கவுண்டர்ல நிக்கணும்னு கை தட்டினவங்கள்ல எத்தனை பேர் கேட்டோம்? நமக்குப் படம் போதும். வண்டி ஓடணும்னு அவசியமில்ல!

சும்மா திட்டிட்டுப் போகாம, என்ன வேணும்னும் சொல்லிடறேன்.

750 கிலோவுக்கு உட்பட்ட டிரெய்லர் நம்ம விதியிலயே டி1-ன்னு தனி வகை. அந்த வகைக்கு மட்டும் ஒத்த வண்டிப் பரிசோதனை கொண்டு வாங்க. பெட்டி கட்டறதுக்கு முன்னாடி, சட்டம் வெறுமனே நிக்கறப்ப பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு தடவை பார்க்கட்டும், சுத்தியலை அவர் கையிலயே கொடுக்கறோம். முடிஞ்சதும் இன்னொரு தடவை. எடை மேடைச் சீட்டு, லைட், செயின், ரிஃப்ளெக்டர் கட்டாயம். மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு பின்னாடி எழுதணும். வாடகைக்கு விடக்கூடாது. ஒருத்தருக்கு வருஷத்துக்கு ஒரு வண்டி. சந்தேகம்னா ஒரகடத்துல ஜி.ஏ.ஆர்.சி. சோதனை மையம் இருக்கு, அங்க அனுப்புங்க, நியாயமான கட்டணம் கட்டறோம். ஃபெயில் பண்ணினா எதனாலன்னு எழுதிக் கொடுங்க, சரி பண்ணிட்டு வர்றோம். இதே வழியில அந்தக் கான்கிரீட் மிஷின்காரங்களையும் வரச் சொல்லுங்க. அப்புறமும் நம்பர் இல்லாம ஓட்டினா தாராளமா 5,000 போடுங்க, நானே கை தட்டறேன்.

எங்களுக்குப் பழவேற்காடு போகலன்னா குடி முழுகிடாது. மாமாவுக்குத்தான் கஷ்டம். அவர் பட்டறையில ஜாப் ஒர்க் முன்ன இருந்ததுல பாதிகூட இல்ல, நாலு பேர் வேலை செஞ்ச இடத்துல இப்ப ஒருத்தர். எங்க வண்டியைப் பார்த்துட்டு மூணு பேர் "எனக்கும் ஒண்ணு செஞ்சு தர முடியுமா"ன்னு விசாரிச்சாங்க. அதுல ஒருத்தர் முன்பணமே நீட்டினார். "நம்பர் கிடைக்காது சார்"னு சொல்லி மாமா திருப்பிக் கொடுத்துட்டார். வாங்கிட்டு செஞ்சு கொடுத்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா அவர் அப்படிப்பட்ட ஆள் இல்ல.

வண்டி இப்ப பட்டறைக்குப் பின்னாடி தார்ப்பாய் போர்த்திக்கிட்டு நிக்குது. நேத்து போய்ப் பார்த்தேன். கொக்கி வெல்டிங் ஓரத்துல பெயிண்ட் லேசா உப்பியிருக்கு, மறுபடி தேய்க்கணும். போக்குவரத்து ஆணையருக்கு எழுதின மனு ரெண்டு பக்கம் ரெடி. திங்கக்கிழமை கிளாஸுக்குக் கொண்டு வர்றேன். "கண்டவனும்"னு சொன்ன பாதிப் பேரும் தயவுசெஞ்சு படிச்சுட்டு, ஒத்துக்கிட்டா மட்டும் கையெழுத்துப் போடுங்க. ஒத்துக்கலன்னா ஒரு நாள் என்கூட அம்பத்தூர் வாங்க. சுத்தியல் தர்றேன், நீங்களே தட்டிப் பாருங்க.